ஊமைப் பருவம்

அல் கர்ஜ். பதினோராம் கொட்டகை.
முந்நூற்று ஆறு மாடுகளுக்கும் இன்று திங்கட்கிழமை.
மாட்டுக்குக் கிழமை கிடையாது என்று நினைத்திருந்தேன்,
சவூதிக்கு வரும்வரை.

இன்று ஒரு ஊசி.
அடுத்த திங்கள் இன்னொன்று.
புதன் சாயங்காலம் மூன்றாவது.
பதினாறு மணி நேரம் கழித்து, வியாழன் காலை,
தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு
நானும் தில்பகதூரும் சினை ஊசி போடப் போவோம்.
வெள்ளித் தொழுகைக்குள் கொட்டகையே முடிந்திருக்கும்.

பருவத்துக்கு வந்த மாடு கத்தும்,
கயிற்றை இழுக்கும், தெருவை எழுப்பும்.
இங்கே ஐம்பது டிகிரி.
தண்ணீர்ப் புகை அடிக்கிற விசிறிக்கு அடியில்
வாயில் நுரையோடு நிற்கிறது, கத்தத் தெம்பில்லை.
பருவம் வரும். சத்தம் காட்டாமல் போய்விடும்.
ஊமைப் பருவம் என்று பேர்,
பயிற்சியில் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள்.
கத்துகிற வேலையை இங்கே
மருந்து பார்த்துக்கொள்கிறது.

டாக்டர் இத்ரீஸ், சூடான்காரர், சொன்னார்:
"இரண்டாவது ஊசியில் கவனம். கையில் பட்டால் தோல் குடித்துவிடும்.
இழுப்பு இருக்கிறவன் தொடாதே.
வயிற்றில் பிள்ளை உள்ள பெண் இந்தப் பக்கமே வரக்கூடாது."
சுற்றிப் பார்த்தோம்.
நாற்பது கிலோமீட்டருக்குப் பெண் என்று
மாடுகள்தான்.

பிரம்மசக்திக்கும் ஊசி நடக்கிறது, திருநெல்வேலியில்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித்
தானே குத்திக்கொள்கிறாள்.
என் லீவு இருபத்தெட்டு நாள்.
அதற்குள் அவள் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்த
டாக்டரம்மா காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்.
இங்கே இத்ரீஸ் பலகையில் வட்டம் போட்டிருக்கிறார்.
இரண்டும் ஒரே வியாழன்.

"முந்நூறு மாட்டை நான் காத்திருக்கச் சொல்ல முடியுமா?"
சூப்பர்வைசர் கேட்டார். எகிப்துக்காரர், நல்ல மனிதர்தான்,
நான்கு பிள்ளைகள்.
லீவு பத்து நாள் தள்ளிப்போனது.

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"உங்க மாடுங்கல்லாம் சரின்னு சொல்லிச்சா?" என்றாள்.
சிரித்தாளா தெரியாது, படம் உறைந்துவிட்டது.
குரல் மட்டும் வந்தது:
"டாக்டரம்மா ஒரு வழி சொல்றாங்க.
ஒருதரம் வந்து குடுத்துட்டுப் போயிட்டா
உறைய வச்சிருப்பாங்களாம்.
அப்புறம் நீங்க இருக்கணும்னு இல்லயாம்."

எனக்குத் தெரியும் அந்தப் பாத்திரம்.
தினமும் திறக்கிறேன். வெள்ளைப் புகை விலகும்.
உள்ளே, துரும்பளவு குழாயில்,
பேரும் எண்ணும் அச்சடித்து, கனடாவின் ஒரு காளை.
அது செத்து ஆறு வருஷம்.
முப்பத்தைந்து டிகிரி வெந்நீரில் போட்டு நாற்பது எண்ணுவேன்.
வெயில் படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோவேன்,
என் நெஞ்சுச் சூட்டில்.
இந்தப் பண்ணையில் அதற்குத் தொள்ளாயிரம் கன்று.

ஞாயிறு ராத்திரி பதினோராம் கொட்டகையில்
ஒன்று கத்தியது,
அத்தனை விசிறிச் சத்தத்துக்கும் மேலே.
டார்ச் அடித்தேன். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
வால்மேட்டில் பூசிய சிவப்புச் சாயம் அழிந்திருந்தது,
கண்ணாடிபோல வழும்பு தொங்கியது.
இரண்டாவது ஊசிக்கு இன்னும் ஒரு ராத்திரி இருந்தது.

இத்ரீஸை எழுப்பினேன். கண் திறக்காமலே சொன்னார்:
"அவளுக்கே தெரிந்திருக்கிறது.
காலையில் போட்டுவிடு. பலகையில் எண்ணை எடுத்துவிடு."

ஈரத்துணியால் துடைத்து
முந்நூற்று ஐந்து என்று எழுதினேன்.
பிறகு திரும்பிப் போய், போனை நீட்டிப் பிடித்து,
அவள் கத்துவதை ஒரு நிமிஷம் பதிவு செய்தேன்,
பிரமுவுக்கு அனுப்ப.

இன்னும் அனுப்பவில்லை.